பின்பக்கத்தில் எழுதியவை

ஆம்பூர்
12.9.2004, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஃபீபி அக்காவுக்கு ஜஹீதா எழுதுவது.

நானும் இவரும் நலம். நீங்கள் வேலூர் தலைமை ஆபீசுக்கு மாற்றலாகிப் போன பிறகு கம்ப்யூட்டர் சென்டர் பக்கம் போகவே மனசு வரவில்லை. புது சார் வந்திருக்கிறார். நல்லவர்தான். ஆனால் யாராவது மவுஸைத் தலைகீழாகப் பிடித்தால் சிரித்துவிடுகிறார். நீங்கள் ஒரு நாளும் சிரித்ததில்லை.

நீங்கள் கொடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டேன். நம் முதல் பேட்ச் நாற்பத்தெட்டு பேரில் இதுவரை இருபது பேரை வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டேன். ஃபேக்டரிக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு, அதனால்தான் லேட். இவர் திட்டுகிறார். "உனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? வாரத்துல ஒரு நாளு, அதுலயும் ஃபாரத்தத் தூக்கினு தெருத்தெருவா சுத்துற" என்கிறார். என் அம்மா மௌத்தானபோது நாற்பதாம் நாள் வரைக்கும் தினம் சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டேன். "உங்க அக்காதான்" என்று சொல்லி ஃபாரக் கட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஃபாரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். முன்பக்கம் ஆறு கேள்வி. எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று டிக் போடும் கட்டம். நாலாவது கேள்வி, "வழித்துணை மென்பொருள் காட்டிய பாதையால் உங்கள் வேலையில் மாற்றம் ஏற்பட்டதா?" இதற்கு நிறையப் பேர் ஆம் என்கிறார்கள். என்ன மாற்றம் என்று கேட்டால்தான் விஷயமே வெளியே வருகிறது. அதை எழுதக் கட்டம் இல்லை.

வள்ளியம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஷூ ஃபேக்டரியில் ஒட்டுகிற செக்‌ஷனில் இருந்தாளே, அவள்தான். பதினோரு வருஷம் நின்றே வேலை செய்தவள். கம்ப்யூட்டரில் வழித்துணையின் பெண் குரல் அறுபது கேள்வி கேட்டு, எந்த வேலை பொருந்தும் என்று பேப்பர் கொடுக்குமே, அதில், உட்கார்ந்து செய்யும் வேலை பிடிக்குமா, நின்று செய்யும் வேலை பிடிக்குமா என்று வந்தால் அவள் எதைச் சொல்வாள்? 'அலுவலக உதவியாளர்' என்று பேப்பர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தாள். நான்தான் சொன்னேன், "இன்னாடி யோசிக்கிற, கம்ப்யூட்டரே சொல்லுது. எழுதிக் குடுத்துட்டுப் போ." ராஜினாமா கடிதத்தை நான்தான் எழுதினேன் அக்கா. அவள் கையெழுத்து மட்டும் போட்டாள்.

வேலூரில் நாலு ஆபீஸ் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் பத்தாவது பாஸ் சர்டிபிகேட் கேட்டார்கள். அவள் படித்தது ஏழாவது. கம்ப்யூட்டர் கேட்ட அறுபது கேள்வியில் எதுவரைக்கும் படித்திருக்கிறாய் என்ற ஒரு கேள்வி இல்லை. திரும்பி ஃபேக்டரிக்குப் போனால், புது ஆளாக கான்ட்ராக்டில் வா என்றார்களாம். வேண்டாம் என்று வந்துவிட்டாள். இப்போது பேரணாம்பட்டில் அண்ணன் வீட்டில் பீடி சுற்றுகிறாள்.

போன வாரம் பஸ் ஏறிப் போய் அவளிடம் நாலாவது கேள்வியைக் கேட்டேன். "மாற்றம் ஏற்பட்டுச்சான்னா கேக்குற? நல்லாவே ஏற்பட்டுச்சு, போட்டுக்கோ" என்றாள். ஆம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். மனசு கேட்கவில்லை. ஃபாரத்தின் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, அங்கே நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் அப்படியே எழுதியிருக்கிறேன். இது சரியா தப்பா என்று பதில் போடுங்கள். தப்பு என்றால் புது ஃபாரம் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை
ஜஹீதா


வேலூர்
20.9.2004

அன்புள்ள ஜஹீதாவுக்கு,

உன் கடிதமும் இருபது படிவங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. இங்கே கர்த்தருடைய கிருபையால் நலமாயிருக்கிறேன். கோட்டைக்கு எதிரே இருக்கிற ஆபீஸில் மாடியில் ஒரு மூலை மேஜை கொடுத்திருக்கிறார்கள். ஆம்பூர் சென்டரின் சத்தம் இல்லாமல் முதல் வாரம் எனக்குக் காதே அடைத்துப்போனது போல இருந்தது.

பின்பக்கம் எழுதியது தப்பே இல்லை. எனக்கு வேண்டியதே அதுதான். வெளிநாட்டில் இருந்து வாங்கிய ஒரு கருவியை நம் ஊர்ப் பெண்களின் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, அது அவர்களுக்கு உதவியதா இல்லையா என்று ஆறு கட்டத்தில் தெரிந்துகொள்ள முடியுமா? வயது வந்தவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், ஒரு வேலையில் இருந்துகொண்டே படிக்க வந்தவர்கள். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் அளவு. நான் உட்கார்ந்து எழுதப் போகிற அறிக்கையில் நீ பின்பக்கம் எழுதுகிற ஒரு வரிகூட விடாமல் வரும். இது என் வாக்கு.

வள்ளியம்மாளைப் பற்றிப் படித்தபோது சங்கடமாக இருந்தது. ராஜினாமாவை நீ எழுதினாய் என்று உன்னையே நொந்துகொள்ளாதே. அந்தக் கருவியை நம்பச் சொன்னது நான். நம் இயக்குநர் ரத்தினசாமி சாரிடம் சொல்கிறேன். இந்த அறிக்கையை வைத்துத்தான் பேரணாம்பட்டிலும் இன்னும் இரண்டு ஊரிலும் சென்டர் திறப்பதா வேண்டாமா என்று நிதி கொடுப்பவர்கள் முடிவு செய்வார்கள். குறைகளை இப்போதே சொன்னால்தான் அங்கே திருத்திக்கொள்ளலாம்.

நீ முதன்முதலாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த அன்று நான் எடுத்த போட்டோ கழுவி வந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறாய், மிக நன்றாக வந்திருக்கிறது. வீட்டில் மாட்டி வைக்க ஒரு பிரதி கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்
ஃபீபி


ஆம்பூர்
10.10.2004, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நாற்பத்தெட்டு ஃபாரமும் முடிந்தது. நோன்பு அடுத்த வாரம் ஆரம்பம், அதற்குள் முடிக்கவேண்டும் என்று ராத்திரி பகல் பார்க்காமல் ஓடினேன். மீதி இருபத்தெட்டையும் சென்டர் சாரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நானே ஒரு நோட்டில் பிரித்து எழுதிப் பார்த்தேன். வேலை மாறியவர்கள் முப்பத்தேழு பேர். அதில் ஆறு பேர் நன்றாக இருக்கிறார்கள். தபஸ்ஸும் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள், அவள் பத்தாவது பாஸ், உங்களுக்கு துஆ செய்வதாகச் சொல்லச் சொன்னாள். பதினாலு பேர் வெளியே போய் வேலை கிடைக்காமல் திரும்பி வந்து ஏதோ ஒரு ஃபேக்டரியில் கான்ட்ராக்டில் புது ஆளாகச் சேர்ந்தவர்கள். ஒன்பது பேர் பீடி. எட்டு பேர் வீட்டில். வேலை மாறாதவர்கள் பதினோரு பேர், அதில் நானும் ஒருத்தி.

முப்பத்தேழு பேரும் நாலாவது கேள்விக்கு ஆம்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டர் கொடுத்த பேப்பரையும் எல்லாரிடமும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நாற்பத்தெட்டில் முப்பத்தொன்றில் திரும்பத் திரும்ப அதே இரண்டு வேலைதான் இருக்கிறது, அலுவலக உதவியாளர், தகவல் பதிவாளர். நின்று நின்று கால் வீங்கியவர்கள் எல்லாரும் உட்கார்கிற வேலை என்று சொன்னதால் வந்தது அது. எனக்குத் 'தையல் ஆசிரியை' என்று வந்தது. நான் தினம் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைக்கிறவள், எனக்கு உட்காரப் பெரிய ஆசை இல்லை.

அக்கா, ஒன்று சொல்லவேண்டும். பதினோரு பேரில் நான் ஒருத்தி என்று எழுதினேனே, எழுதும்போது கை கூசியது. வள்ளியம்மாளுக்கு எழுதிக் கொடுத்த அதே ராத்திரி எனக்கும் ஒரு ராஜினாமா எழுதினேன். காலையில் கிழித்துப் போட்டுவிட்டேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. என் ஃபாரத்தின் பின்பக்கம் இதையும் எழுதியிருக்கிறேன். அதையும் போடுங்கள். எல்லாருடையதும் வரும்போது என்னுடையது மட்டும் மறையக்கூடாது.

ஜஹீதா


வேலூர்
8.12.2004

அன்புள்ள ஜஹீதா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ரம்ஜானுக்கு வாழ்த்துகூட அனுப்பவில்லை. ஆபீஸில் வேலை அதிகம்.

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஜனவரி 8, சனிக்கிழமை ஆம்பூரில் ஒரு கூட்டம். நிதி கொடுக்கும் அமைப்பில் இருந்து ஒரு அம்மையார் நேரில் வருகிறார்கள். நன்றாகப் பேசக்கூடிய ஐந்து பேரைத் தயார் செய்யச் சொல்கிறார் ரத்தினசாமி சார். தபஸ்ஸும் கட்டாயம் வரவேண்டும். மற்ற நாலு பேரை நீயே பார்த்துச் சொல்.

மற்றவை நேரில்.

ஃபீபி


ஆம்பூர்
19.12.2004, ஞாயிறு

ஃபீபி மேடம் அவர்களுக்கு,

அறிக்கையை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. அது ஃபேக்டரிக்கு வந்திருக்கிறது. வியாழக்கிழமை பர்சனல் ஆபீசர் என்னை மிஷினில் இருந்து எழுப்பி வரச் சொன்னார். மேஜை மேல் அந்தப் புத்தகம் இருந்தது. அட்டையில் நான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறேன். கீழே தமிழிலும் இங்கிலீஷிலும், 'தோல் தொழிற்சாலையிலிருந்து கணினிக்கு'.

"இன்னாம்மா, இங்க சம்பளம் வாங்கினு வேற எடத்துல கம்ப்யூட்டர் வேல பாக்குறியா?" என்று கேட்டார். இல்லை சார், நான் தினமும் இங்கேதான் இருக்கிறேன், கார்டைப் பாருங்கள் என்றேன். "அப்போ இது பொய்யா?" என்றார். என்ன சொல்வது? உங்களைக் காட்டிக் கொடுக்க அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. போட்டோ மட்டும் என்னுடையது சார் என்றேன். இப்போது லைனில் எல்லாரும் என்னைக் கம்ப்யூட்டர் மேடம் என்று கூப்பிடுகிறார்கள்.

அந்தப் புத்தகத்தை ஒரு நாளைக்கு என்று கேட்டு வாங்கி வந்து முழுக்கப் படித்தேன். தமிழ்ப் பகுதி பன்னிரண்டு பக்கம். எழுபத்தேழு சதவீதம் பேர் வழித்துணையால் வேலை மாற்றம் கண்டனர் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நாற்பத்தெட்டில் முப்பத்தேழு. கணக்கு சரிதான் மேடம். ஒரு ஆள்கூடத் தப்பில்லை. பின்பக்கத்தில் இருந்து ஒரு வரி இல்லை. பீடி என்ற சொல் இல்லை. கான்ட்ராக்ட் என்ற சொல் இல்லை. கடைசிப் பக்கத்தில் 'கள ஆய்வு: ஜஹீதா' என்று இருக்கிறது.

இந்தப் புத்தகத்தை வேறு யாராவது வள்ளியம்மாளுக்குக் காட்டுவதற்கு முன்னால் நானே காட்டவேண்டும் என்று இன்று பேரணாம்பட்டு போய்வந்தேன். அவள் படித்துவிட்டு, "எங்கிட்ட உக்காந்து அம்மாம் நேரம் எழுதினியே, அது இன்னாடி ஆச்சு?" என்று கேட்டாள். அனுப்பிட்டேன் என்றேன். "நீ அனுப்பியிருப்பன்னு நான் எப்படி நம்புறது? ராஜினாமா எழுதிக் குடுத்ததும் நீதான்" என்றாள். ராஜினாமாவை நான் கிழித்துப் போட்டதையும் அப்போதே சொல்லிவிட்டேன். அவள் எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை.

ஐந்து பேரை நான் தயார் செய்ய மாட்டேன்.

ஜஹீதா


வேலூர்
23.12.2004

அன்புள்ள ஜஹீதா,

மேடம் என்று எழுதியிருக்கிறாய். எழுது, எனக்கு அது வேண்டியதுதான். ஆனாலும் நடந்ததைக் கேள்.

நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கை நாற்பது பக்கம். பின்பக்கம் எல்லாமே அதில் இருந்தது. ரத்தினசாமி சார் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "படிவத்துல கேள்வி இருக்கு, கட்டம் இருக்கு. பின்பக்கத்துல எழுதச் சொல்லி யாரும்மா கேட்டா? கேக்காத கேள்விக்கு வந்த பதில ஆய்வுல சேத்தா அது ஆய்வே இல்ல" என்றார். படித்தவர், பல அறிக்கை பார்த்தவர். தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அவரே சுருக்கிக் கொடுத்தார். நான் அச்சகத்துக்கு அனுப்பினேன். போட்டோ அவர்தான் கேட்டார், என் மேஜையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். உன்னைக் கேட்டிருக்கவேண்டும்.

இந்த நிதி நின்றுபோனால் ஆம்பூர் சென்டரையே மூடிவிடுவார்கள். பத்து கம்ப்யூட்டரையும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தபஸ்ஸும் போல ஆறு பேர் இனி வரமாட்டார்கள். இதையும் யோசித்துப் பார்.

ஒரு வழி இருக்கிறது. கூட்டத்துக்கு நீ வா. யாரையும் தயார் செய்யவேண்டாம், நீ எழுந்து உண்மையைச் சொல். வருகிற அம்மையாருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்கிறேன். நீ சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கிலீஷில் சொல்கிறேன். சார் எழுதினதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் என் வாயை யாரும் சுருக்க முடியாது. இந்த ஒரு முறை நம்பு.

உனக்காக ஜெபிக்கிறேன்.

ஃபீபி


ஆம்பூர்
9.1.2005, ஞாயிறு

ஃபீபி மேடம் அவர்களுக்கு,

நேற்று கூட்டம் முடிந்ததும் நீங்கள் என்னைத் தேடினீர்கள் என்று தபஸ்ஸும் சொன்னாள். நான் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன்.

நம்பித்தான் வந்தேன். வள்ளியம்மாளுக்குச் சொல்லியனுப்பியிருந்தேன், அவளும் முதல் பஸ் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. சுனாமியில் போனவர்களுக்காக எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றபோதுகூட என் மனசுக்குள் சொல்ல வேண்டியதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்புதான்.

ஐந்தாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு பேர், பதினாலு பேர், ஒன்பது பேர், எட்டு பேர். கம்ப்யூட்டர் படிப்பைக் கேட்கவில்லை என்று சொன்னேன். மாற்றம் என்றால் நல்ல மாற்றமா கெட்ட மாற்றமா என்று ஃபாரம் கேட்கவில்லை என்று சொன்னேன். வள்ளியம்மாளை எழுந்து நிற்கச் சொன்னேன், அவள் நின்றாள். நான் பேசி முடிக்க நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

நீங்கள் சொன்னது இரண்டு வரி.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். பதினாலு வருஷமாக ஏற்றுமதி ஷூ தைக்கிறேன் மேடம். டேமேஜ், ரிஜெக்ட், ராங், ப்ராப்ளம், கம்ப்ளெய்ன்ட், இந்த வார்த்தையெல்லாம் எங்கள் லைனில் தினம் காதில் விழுகிறது. இதில் ஒன்று உங்கள் வாயில் வருகிறதா என்று உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தது ஹேப்பி. அப்புறம் தேங்க்ஸ்.

அந்தம்மா எழுந்து கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். ரத்தினசாமி சார் எனக்குச் சால்வை போட்டார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் குனிந்து வாங்கிக்கொண்டேன். பின்னால் வள்ளியம்மாள் இன்னும் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே வந்து கேட்டாள், "இன்னா ஜஹீதா, நீ சொன்ன கதைக்கா அந்தம்மா கை தட்டினாங்க?" நான் அழுதுவிட்டேன். அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தாள். என்னை நம்ப அவளுக்கு அந்த அழுகை போதுமாக இருந்தது.

சார் சுருக்கியது சார் பண்ணினது. இது நீங்கள் பண்ணினது.

இனி எழுதாதீர்கள்.

ஜஹீதா


வேலூர்
30.1.2005

ஜஹீதா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இது ஒன்று மட்டும்.

நான் சொன்னது இதுதான்: "தன் வாழ்க்கையில் வந்த மாற்றத்துக்காக இவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், இன்னும் பல பெண்களுக்கு இது கிடைக்கவேண்டும் என்று நன்றியோடு கேட்கிறார்." உனக்கு அது முழுசாகத் தெரியவேண்டும்.

நீ பேசப் பேச உண்மையான வாக்கியங்கள் என் வாய் வரைக்கும் வந்தன. சத்தியமாக வந்தன. நீ முடித்ததும் சார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சும்மா பார்த்தார். ஒன்பது வருஷமாக வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக வேலை என்னுடையது. நிரந்தரம் செய்கிற உத்தரவு அந்த வாரம்தான் அவர் மேஜையில் இருந்தது. உன்னிடம் இதைச் சொல்லியிருந்தால் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டாய். அதனால்தான் சொல்லவில்லை என்று இப்போது எனக்கே தெரிகிறது.

இரண்டாம் கட்டம் அனுமதியாகிவிட்டது. ஏப்ரலில் ஆம்பூரில் முப்பது பேர் கொண்ட புது பேட்ச். கள ஆய்வாளர் வேலை நிரந்தரமாகவே போடுகிறார்கள். உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன். கம்ப்யூட்டர் சொல்லாத வேலை என்று கேலி செய்வாய். செய். ஆனால் வா.

ஃபீபி


கணியம்பாடி
14.11.2005

அன்புள்ள ஜஹீதாவுக்கு,

பத்து மாதமாக நீ பதில் போடவில்லை. வேலைக்கும் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போது எழுதக் காரணம் இருக்கிறது.

ஏப்ரலில் சேர்ந்த முப்பது பேருக்கு ஆறு மாதம் முடிந்து போன மாதம் படிவம் நிரப்பினோம். முப்பது பேரும் வழித்துணையைப் பார்த்தார்கள், முப்பது பேரும் பேப்பர் வாங்கினார்கள். நாலாவது கேள்விக்கு முப்பது பேரும் இல்லை. ஒருத்தர்கூட ஃபேக்டரியை விட்டுப் போகவில்லை. ரத்தினசாமி சாருக்கு வேர்த்துவிட்டது. "போன தடவ எழுபத்தேழு, இந்தத் தடவ பூஜ்யமா? கருவி கெட்டுப்போச்சா? போய் என்னன்னு பாரு" என்று என்னை ஆம்பூருக்கு அனுப்பினார்.

வீடு வீடாக நானே போனேன். முதன்முறையாக. ஒவ்வொருத்தியும் ஒரே மாதிரி சொன்னாள்: "சேர்ற அன்னிக்கு வாசல்ல ரெண்டு பொம்பளைங்க நின்னாங்க. உள்ள போங்க, படிங்க, கம்ப்யூட்டர் கத்துக்குங்க. வேற வேல கையில வர்ற வரைக்கும் இருக்குற வேலைய மட்டும் விட்டுடாதீங்கன்னாங்க." ஒருத்தி முக்காடு போட்டிருந்தாள், இன்னொருத்தி பேரணாம்பட்டுக்காரி என்றார்கள். அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு வேலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த முப்பது பேரும் நன்றாக இருக்கிறார்கள். எங்கள் அளவில் அது தோல்வி. நாற்பத்தெட்டு பேரில் முப்பத்தொரு பேர் வேலையை இழந்து அலைந்தார்கள். எங்கள் அளவில் அது வெற்றி.

மறுநாள் உன் நாற்பத்தெட்டு படிவங்களையும் அலமாரியில் இருந்து எடுத்தேன். பின்பக்கம் எல்லாவற்றையும் நானே இங்கிலீஷில் டைப் அடித்தேன், உன்னுடையதையும் சேர்த்து. ஜனவரி 8 அன்று நீ பேசியது என்ன, நான் சொன்னது என்ன என்று இரண்டையும் எழுதி, என் பெயரும் கையெழுத்தும் போட்டு அந்த அம்மையாருக்கு அனுப்பிவிட்டேன். சாருக்கு ஒரு பிரதி அவர் மேஜையிலேயே வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே கணியம்பாடியில் ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். அந்த அம்மையாரிடம் இருந்து ஒரு வரி பதில் வந்தது. மூன்று புது ஊர்களுக்கான நிதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், முதல் பேட்ச் பெண்களை வேறு ஆளை வைத்து நேரில் பார்க்கப் போகிறார்களாம்.

இத்துடன் நான் அனுப்பியதன் பிரதி, தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். படித்துப் பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் வந்து உன்னைப் பார்க்க ஆசை. அரை மணி நேரம் போதும். வரட்டுமா?

ஃபீபி


ஆம்பூர்
27.11.2005, ஞாயிறு

ஃபீபி அவர்களுக்கு,

கடிதமும் பிரதியும் வந்தன. இரண்டு முறை படித்தேன். ஒரு வரியும் விடவில்லை, ஒரு வரியும் கூட்டவில்லை. இதை அப்போதே செய்யத் தெரிந்தவர்தான் நீங்கள் என்று படிக்கப் படிக்கத் தெரிந்தது. கோபம் குறையும் என்று நினைத்தேன், ஜாஸ்தியாகத்தான் ஆனது.

வாசலில் நின்றது நாங்கள்தான். அது வள்ளியம்மாள் சொன்ன யோசனை. சென்டரை மூடச் சொல்லி மனு எழுதலாம் என்று நான் சொன்னேன். "எதுக்கு மூடணும்? தபஸ்ஸும் மாதிரி நாலு பேரு பொழச்சுட்டுப் போகட்டும். நமக்கு எவளும் சொல்லல, நாம சொல்லுவோம்" என்றாள். முதல் நாள் புது சார் வெளியே வந்து விரட்டினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம். மூன்று நாள் லீவு போட்டேன். இவரும் ஒரு நாள் வந்து கூட நின்றார்.

உங்கள் பிரதியை எடுத்துக்கொண்டு போன ஞாயிறு பேரணாம்பட்டு போனேன். மழையில் பஸ் இரண்டு மணி நேரம் லேட். வள்ளியம்மாள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே நான் படித்ததை முழுக்கக் கேட்டாள். முடிந்ததும், "இதுல எம் பேரு எங்க வருது?" என்றாள். எல்லாருக்கும் எண்தான் போட்டிருக்கிறீர்கள். பதினேழு என்ற இடத்தைக் காட்டினேன். "சரி, அப்படியே இருக்கட்டும். பேரப் போட்டா மறுபடியும் எவனாவது போட்டோ புடிக்க வருவான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

புது ஆள் வந்து விசாரித்தால் நாங்கள் சொல்வோம். எத்தனை முறை கேட்டாலும் அதே கதைதான். ஆனால் விசாரித்து முடிந்ததும் வள்ளியம்மாளுக்கு அந்தப் பதினோரு வருஷத்தை யார் திருப்பித் தருவது என்று அந்தப் பிரதியில் இல்லை. உங்கள் மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. யாரிடமும் அது இல்லை.

வேலை போனது எனக்கு வருத்தம்தான். பொய் சொல்லமாட்டேன். வேலை போனவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படிச் சாப்பிடுவார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தவள் நான்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராதீர்கள். நீங்கள் வந்து கதவைத் தட்டினால் நான் திறப்பேன். உட்காரச் சொல்வேன், டீ போடுவேன், சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று இவர் சொல்வார். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவீர்கள்.

இன்னும் இல்லை.

ஜஹீதா